சால்மோனெல்லா நம் செல்லுக்குள் செலுத்துவது நச்சா, வேறு ஏதாவதா?

கேள்வி: தருமபுரி மாணவி

தருமபுரியில் நுண்ணுயிரியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். காலரா கிருமி தன் நச்சைக் குடலுக்குள் வெளியே விடுகிறது என்றும், சால்மோனெல்லா என்னும் குடற்கிருமி, மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு எனப்படும் புரதம் வெளியேற்றும் கருவியின் ஊசி வழியாகப் புரதங்களை நேராக நம் செல்லுக்குள் செலுத்துகிறது என்றும் படித்தேன். அந்தப் புரதங்களும் நச்சுதான் என்றால், தான் குடியிருக்கப்போகும் செல்லையே அது ஏன் கொல்ல வேண்டும்? மேலும், ஒரே கிருமிக்கு இப்படிப்பட்ட ஊசி அமைப்புகள் இரண்டு எதற்கு?

பதில்: கிருஷ்ணகிரி ஆசிரியர்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1959-இல் கொல்கத்தாவில் சம்புநாத் டே இருப்பதை நிறுவிய காலரா நச்சும் ஒரு சுரப்பு அமைப்பின் (இரண்டாம் வகை) வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆனால் அது வெளியே வந்தபின் தானாகவே குடல் செல்லைப் பற்றி உள்ளே நுழைந்துவிடும். மூன்றாம் வகை அமைப்பின் புரதங்களுக்கு அந்தத் திறமை இல்லை. சால்மோனெல்லா போன்ற, இரட்டைச் சவ்வுள்ள கிராம் எதிர் பாக்டீரியாவின் இரண்டு சவ்வுகளையும் நம் செல்லின் சவ்வையும் அவை ஒரே பாதையில் கடந்தாக வேண்டும். அந்தப் பாதையின் உள்விட்டம் ஏறக்குறைய 2 நானோமீட்டர்தான் என்பதால், மடிந்த புரதம் எதுவும் அதில் நுழையாது. மடிப்பவிழ்ந்த நிலையில்தான் செல்கிறது. இந்த ஊசி அமைப்பை 1998-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதன்முறையாகக் கண்டதும் சால்மோனெல்லாவில்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உள்ளே போகும் புரதங்களில் பெரும்பாலானவை கொல்வதற்காக வந்தவையே அல்ல. சோப்-ஈ என்ற புரதம், செல்லின் சொந்த விசைகளான (சுவிட்சு போன்ற புரதங்களான) ராக்1, சிடிசி42 ஆகியவற்றை இயக்கிவிடுகிறது. உடனே செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் இழைகள் திரண்டு, சவ்வு அலையாக எழும்பி, கிருமியைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. விழுங்கும் தொழிலே இல்லாத, குடலின் உட்பரப்பை மூடியிருக்கும் எபிதீலியச் செல் இப்படி விழுங்கவைக்கப்படுகிறது. எனக்கு இதைவிட வியப்பூட்டுவது அடுத்த கட்டம்: அதே ஊசி வழியாகச் சென்ற எஸ்பிடிபி என்னும் இன்னொரு புரதம் அந்த விசைகளை அணைத்து, செல்லைப் பழைய உருவத்துக்கே கொண்டுவருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செலுத்தப்பட்டாலும், சோப்-ஈ-யை நம் செல்லின் புரதச் சிதைப்புக் கருவியான புரோட்டியசோம் விரைவாகச் சிதைத்துவிடுகிறது, எஸ்பிடிபி நீடிக்கிறது. கலைப்பதும் சீர்செய்வதும் அந்தக் கால இடைவெளியில் அமைந்துவிடுகின்றன. இதற்கு நச்சு என்று பெயர் சூட்டினால் விஷயமே கைநழுவிவிடும்.

இரண்டு அமைப்புகள் இருப்பது இரண்டு கட்டங்களுக்காக. முதலாவது நுழைவதற்கு; இரண்டாவது, உள்ளே போனபின் தன்னைச் சூழ்ந்திருக்கும் குமிழின் அமிலத்தன்மையையும் மெக்னீசியக் குறைவையும் உணர்ந்து விழித்துக்கொண்டு, அந்தக் குமிழின் சுவர் வழியாகவே புரதங்களை அனுப்பி, அதைக் கிருமி பெருகுவதற்கு ஏற்ற இடமாக மாற்றுகிறது.

ஓர் எச்சரிக்கை: இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை சால்மோனெல்லாவின் டைஃபிமியூரியம் வகையில் செய்யப்பட்டவை. நம் மாவட்டங்களில் டைபாய்டு என்று சொல்லும் காய்ச்சலைத் தரும் டைஃபி வகை மனிதரை மட்டுமே தாக்குவது. அதற்கு எல்லாம் அப்படியே பொருந்தும் என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

பதில்: ஓசூர் வாசகர்

ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலை வகை ஒன்று, டிர் என்னும் புரதத்தைச் செலுத்துகிறது. அது நம் செல்லின் சவ்வில் பதிந்து, கிருமியின் மேற்பரப்பிலுள்ள இன்டிமின் பற்றிக்கொள்ளும் ஏற்பியாகிவிடுகிறது. 1997-இல் இது வெளியாகும்வரை அந்த ஏற்பி நம் செல்லுக்குச் சொந்தமானது என்றே கருதியிருந்தார்கள். இந்தக் கிருமி உள்ளே நுழைவதுகூட இல்லை. வெளியே ஒட்டிக்கொண்டே குடல் செல்லின் மேற்பரப்பிலுள்ள நுண்விரல்களை அழித்துவிடுகிறது.

மீண்டும் தருமபுரி மாணவி

மிக்க நன்றி, ஐயா. காசநோய்க் கிருமிக்கு ஏழாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று ஒன்று உண்டாமே. அதற்கும் ஊசி உண்டா?

பதில்: அரூர் ஆய்வக நுட்பநர்

மூன்றாம் வகையில் உள்ளது போன்ற ஊசி அதில் காணப்படவில்லை, அம்மா. காசநோய்க் கிருமி சேர்ந்த மைக்கோபாக்டீரியா இனத்தின் தடித்த மெழுகுப்பூச்சுள்ள உறையைக் கடக்க அமைந்த வழி அது. அதில் ஈஎஸ்எக்ஸ்-1 என்பது, கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்னும் நோய் எதிர்ப்புச் செல்லுக்குள் அதை அடைத்துவைத்திருக்கும் சவ்வைச் சிதைக்க உதவுகிறது. ஆய்வகத்தில் எங்களுக்கு இது அன்றாட விஷயம். கால்மெட்டும் கெரானும் 1908 முதல் 1921 வரை திரும்பத் திரும்ப வளர்த்து உருவாக்கிய, காசநோய்த் தடுப்பூசியில் உள்ள பிசிஜி கிருமியில், இந்த அமைப்பின் மரபணுக்கள் சிலவற்றைக் கொண்ட ஆர்டி1 பகுதி இழக்கப்பட்டுவிட்டது. அது வீரியம் குன்றியதற்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. பிசிஜியில் இல்லாமல்போன, அந்த வழியாக வெளியேறும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற புரதங்களை வைத்துத்தான் காசநோய்த் தொற்றைக் கண்டறியும் காமா இன்டர்ஃபெரான் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அதனால்தான் பிசிஜி தழும்பு உள்ள ஒருவருக்கு டியூபர்குலின் தோல் சோதனை தடித்துக் காட்டினாலும், காசநோய்த் தொற்று இல்லையென்றால் இந்தப் பரிசோதனை தடுப்பூசியைக் கண்டு ஏமாறுவதில்லை.