குளிர்காலத்தில் கோட்டு சூட்டுக்கு ஏற்ற காலணி: டொராண்டோவில் எதை வாங்குவது?

வைகைக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆகஸ்டில் மதுரையிலிருந்து டொராண்டோவுக்கு வந்து, நகர மையத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் பணியில் சேர்ந்திருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் கோட்டு சூட்டோடு செல்ல வேண்டும். ஸ்காபரோவில் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை பன்னிரண்டு நிமிட நடை, பிறகு பேருந்து, பிறகு சுரங்க ரயில்.

ஊரிலிருந்து கொண்டுவந்த, அடியும் தோலால் ஆன கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூவோடு முதல் பனியில் நடந்தேன். இரண்டு முறை வழுக்கியது. மாலையில் பார்த்தால், விரல் பகுதியைச் சுற்றி வரப்புக் கட்டியதுபோல் வெள்ளைக் கோடு. துடைத்து பாலிஷ் போட்டேன். இரண்டு நாளில் அதே இடத்தில் அந்தக் கோடு மறுபடி எழும்பிவிட்டது. கடைக்குப் போனால் முழங்காலைத் தொடும் பூட்ஸைக் காட்டி, மைனஸ் 40 வரை தாங்கும் என்கிறார்கள். அதன்மேல் சூட்டின் கால்சட்டை இறங்கவே இறங்காது. பார்வைக்கும் கண்ணியமாக இருக்க வேண்டும், வழுக்கவும் கூடாது. இது ஒரே ஜோடியில் சாத்தியமா? 250 டாலர் வரை செலவிட முடியும்.

நல்லூர்ப் பயணி:

தம்பி, முப்பது வருடமாக இந்தக் குளிரில் கந்தோருக்குப் போய் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ரொறன்ரோவில் சப்பாத்தைக் கெடுப்பது குளிர் அல்ல, உப்புத் தண்ணீர். தை மாதத்தில் இங்கே பகல் வெப்பநிலை சராசரியாகப் பூச்சியத்தை ஒட்டியும் இரவில் மைனஸ் 7 அளவிலும் நிற்கும். அதனால் விழுந்த ஸ்னோ பகலில் இளகி, வீதியில் கொட்டிய உப்போடு கலந்து சாம்பல் நிறச் சேறாகிறது. இரவில் அதுவே திரும்ப உறைகிறது. மைனஸ் 40 தாங்கும் பூட்ஸ் வின்னிபெக்கில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவருக்கு உதவும். பன்னிரண்டு நிமிடம் நடந்துவிட்டுச் சூடான ரயிலில் உட்காரப்போகிற உங்களுக்கு, அதற்குள் கால் வேர்த்து, அந்த வேர்வையே பிறகு குளிர்ந்து விரல்களை விறைக்கச் செய்யும்.

நடப்பதற்கு ஒரு ரப்பர் அடி பூட்ஸ், கந்தோர் மேசைக்குக் கீழே ஒரு நல்ல சப்பாத்து; இதுதான் என் வழக்கம். மார்கழியில் கொண்டுபோய் வைத்த சப்பாத்து பங்குனி வரை வீடு திரும்புவதில்லை. இங்கே யாரும் அதை விநோதமாகப் பார்ப்பதுமில்லை. இரண்டு வேலையையும் ஒரே சோடியிடம் கேட்டால் இரண்டையும் அது அரைகுறையாகத்தான் செய்யும்.

ஆம்பூர்க்காரன்:

ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது மிசிசாகாவில் வசிக்கிறேன். என் கணிப்பில், சரியான கணுக்கால் பூட்ஸ் ஒன்று இருந்தால் குளிர்காலத்தின் பெரும்பாலான நாட்களை வேறு ஷூ மாற்றாமலே கடத்திவிடலாம். ஆனால் அது சரியானதாக இருக்க வேண்டும். கடையில் 'விண்டர்' என்று அட்டை மாட்டியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது.

முதலில் அடியைப் பாருங்கள். தோல் அடி தண்ணீரைக் குடித்து வீங்கும், பனிக்கட்டியில் பிடிக்காது; உங்கள் ஆக்ஸ்ஃபோர்டு வழுக்கியது அதனால்தான். ரப்பர் போலவே தோன்றும் சில பிளாஸ்டிக் அடிகள் கடைக்குள் மென்மையாக இருந்துவிட்டு, வெளியே குளிர் பட்டதும் கட்டையாக இறுகிவிடும். சிறு வட்டப் புடைப்புகள் கொண்ட டெய்னைட் வகை அடி பக்கத்திலிருந்து பார்த்தால் தோல் அடியைப் போல மெலிதாகத் தெரியும் என்பதால் சூட்டுக்கு மிகவும் பொருந்தும்; மழைக்கும் ஈரத் தரைக்கும் நல்லது, மிதிபட்டு இறுகிய பனியில் மட்டும் சற்றுத் தடுமாறும். ஆழமான பற்கள் கொண்ட அடி பனியைக் கவ்வும். வைப்ரம் நிறுவனத்தைத் தொடங்கிய இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, 1935இல் ஆல்ப்ஸ் மலையில் தகுந்த காலணி இல்லாமல் தம் தோழர்கள் ஆறு பேர் இறந்ததைக் கண்ட பிறகு உருவாக்கிய அடி அந்தப் பல் அமைப்பின் முன்னோடி. கண்ணாடி போன்ற வெறும் பனிக்கட்டியில் பற்களின் ஆழம் அவ்வளவாக உதவாது. அங்கே ரப்பரின் மென்மைதான் பிடிக்கும்.

அடுத்தது, அடியும் மேல்தோலும் சேரும் இடம். குட்இயர் வெல்ட் முறையில் மேல்தோலைச் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு அடியைத் தைப்பார்கள். தையல் காலுக்கு வெளியே ஓடுவதால் தண்ணீர் உள்ளே வரத் தாமதமாகும், தேய்ந்த அடியையும் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டையின் விளிம்பு மேல்நோக்கி மடங்கி இடுக்கை அடைத்திருந்தால் இன்னும் நல்லது. பிளேக் தையலில் நூல் அடியிலிருந்து நேராக உட்புறம் வரை செல்வதால் பனிச்சேற்றில் கால் நனைய வாய்ப்பு அதிகம். பசையால் ஒட்டிய ஷூவை இகழ்பவர்கள் உண்டு. தையல் துளையே இல்லாததால் ஈரத்தை அது நன்றாகவே தடுக்கும், அடி தேய்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். 13 விழுக்காடு விற்பனை வரியையும் சேர்த்து 250 டாலருக்குள் என்றால், தள்ளுபடிக் காலம் தவிர வெல்ட் ஷூ கிடைப்பது கடினம். நல்ல ஒட்டு ஷூவை வாங்குவதில் குறைவொன்றும் இல்லை.

மேல்தோலில், வழவழப்பான தோலைவிடப் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு அழுத்திய தோலை எடுங்கள். கீறலையும் கறையையும் அது ஓரளவு மறைக்கும். நாக்கின் இரு பக்கமும் மேல்தோலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்; தைக்காவிட்டால் லேஸ் வழியாகவே சேறு இறங்கும். கடைக்குக் குளிர்காலக் காலுறையை அணிந்துகொண்டே, மாலையில் செல்லுங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் அந்த நேரத்தில் விரல்கள் அசையுமளவு இடம் வேண்டும். இறுக்கமான ஷூவில் தடித்த உறையைத் திணித்தால் காற்று தங்க இடமின்றிக் குளிர்தான் கூடும்.

வழுக்காதவன்:

பிடிப்பைப் பற்றி ஒரு சேர்க்கை. டொராண்டோ மறுவாழ்வு ஆய்வு நிறுவனத்தில் பனிக்கட்டித் தரையைச் சாய்த்து, அதில் ஆட்களை நடக்கவைத்துக் காலணிகளைச் சோதிக்கிறார்கள். 7, 11, 15 பாகைச் சரிவுகளுக்கு ஏற்ப ஒன்று முதல் மூன்று வரை பனித்திவலைக் குறி தருகிறார்கள். 2016இல் முதல் முடிவுகளை வெளியிட்டபோது, சோதித்த 98 வகைகளில் பத்தில் ஒரு பங்குகூட ஒரு திவலையைப் பெறவில்லை. 'ரேட் மை டிரெட்ஸ்' என்ற அவர்களது தளத்தில் மாதிரியின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். தேறியவற்றில் சூட்டுக்குப் பொருந்துபவை குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருக்கிற ஆக்ஸ்ஃபோர்டை விட மனமில்லையென்றால் அதன்மேல் மாட்டும் ரப்பர் உறை ஷூ கிடைக்கிறது. பழைய பாணிதான், வேலை செய்யும். ஆணி வைத்த பட்டையை மாட்டினால் மட்டும் நிலையத்துக்குள் நுழையும் முன் கழற்றிவிடுங்கள். ஓட்டுத் தரையில் அது பனிக்கட்டியைவிட மோசமாக வழுக்கும்.

வைகைக்கரையான்:

மூவருக்கும் மிக்க நன்றி. லேஸ் கட்டும் அடர்பழுப்புக் கணுக்கால் பூட்ஸ், ஒட்டிய ரப்பர் அடி என்று முடிவு செய்திருக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு அலுவலக மேசைக்கடியில் குடியேறும். இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. லேஸ் இல்லாத செல்சி பூட்ஸ் இன்னும் நேர்த்தியாகத் தெரிகிறதே, அது ஏன் கூடாது? வெள்ளைக் கோடு பாலிஷுக்குப் பிறகும் திரும்பி வந்தது ஏன்?

ஆம்பூர்க்காரன்:

செல்சி கூடாது என்பதில்லை. ஆனால் பக்கவாட்டு எலாஸ்டிக் துணி தண்ணீரை உறிஞ்சும், நாளடைவில் தளர்ந்தும் போகும். ஆழமில்லாத பனிக்குப் போதும்.

உப்பு தோலின் மேல் மட்டும் இல்லை, உள்ளே இருக்கிறது. தண்ணீரோடு உள்ளே போனது, ஈரம் ஆவியாகும்போது ஓரத்துக்கு வந்து படிகிறது. பாலிஷ் அதை மூடுகிறதே தவிர நீக்குவதில்லை. அடுத்த ஈரத்தில் மறுபடி மேலே வரும். ஒரு பங்கு வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, கோட்டை மட்டும் அல்லாமல் அந்தத் தோல் துண்டு முழுவதையும் துடையுங்கள்; கோட்டை மட்டும் துடைத்தால் ஈரம் நின்ற இடத்தில் புதிய கோடு விழும். பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஒரு நாள் காயவையுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும், ஒட்டிய பசையும் இளகும். காய்ந்தபின் தோலுக்கான கிரீம், அதற்குப் பிறகே பாலிஷ்.

நல்லூர்ப் பயணி:

ஆக்ஸ்ஃபோர்டு கந்தோரில் குடியேறுகிறது என்றால் கடைசியில் இரண்டு சோடியாகிவிட்டது, தம்பி. வீட்டு வாசலில் பூட்ஸ் வைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டும் வாங்கிவிடுங்கள்; உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் மரத்தரையையும் விட்டுவைக்காது.