முழங்கால் எக்ஸ்ரேயில் வரிவரியாக வெள்ளைக் கோடுகள்: ஈயமா, பாமிட்ரோனேட்டா?

கேள்வி (எலும்பியல் முதுநிலை மாணவர்):
8 வயதுப் பெண் குழந்தை, ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா (எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய்). 4 மாதத்துக்கு ஒருமுறை, எலும்பு அரிப்பைத் தடுக்கும் பாமிட்ரோனேட் மருந்து டிரிப்பாக ஏறுகிறது. தொடை எலும்பின் கீழ்முனையில் வளர்ச்சித் தட்டுக்கு (எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்பு அடுக்கு) இணையாக ஐந்து கோடுகள். ரிப்போர்ட்டில் ‘ஈய நச்சா என்று பார்க்கவும்’ என்றிருக்கிறது. பெற்றோர் பயந்துபோயிருக்கிறார்கள். மருந்துதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது, சார்?

பதில் (குழந்தைகள் ரேடியாலஜி):
எக்ஸ்ரே சீட்டில் மருந்தின் பெயரை எழுதினீர்களா? பெரும்பாலும் இந்தக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஈயம் தட்டை ஒட்டி அகலமான ஒரே பட்டையாகத்தான் பெரும்பாலும் தெரியும். சம இடைவெளியில் வரிசையாக நிற்பவை இந்த மருந்தால் விழும் ஜீப்ரா கோடுகள். ஃபிபுலாவிலும் (கணுக்காலின் மெல்லிய வெளி எலும்பு) இருக்கிறதே என்று ஈயத்தின் பக்கம் சாயவேண்டாம், மருந்துக் கோடு அங்கும் விழும்.

தட்டிலிருந்து இறங்கும் சுண்ணமேறிய குருத்தெலும்பை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அரித்து அகற்றவேண்டும். டிரிப் ஏறியதும் அவை முடங்கிவிடுவதால் அந்த அடுக்கு அப்படியே நின்று வெள்ளையாகத் தெரிகிறது. எலும்பு வளர வளர அது தண்டுப் பக்கம் தள்ளிப்போகும். தட்டுக்கு மிக அருகில் இருப்பதே கடைசித் தவணை.

இனி அளந்து பாருங்கள். தட்டின் நடுவிலிருந்து செங்குத்தாக அளக்கவேண்டும். தொடையின் கீழ்முனை ஆண்டுக்கு ஏறக்குறைய 9 மி.மீ. வளரும். மூன்று தவணை என்றால் 3 மி.மீ. இடைவெளி. டிபியாவின் (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) மேல்முனை ஆண்டுக்கு 6 மி.மீ., அங்கே இடைவெளி 2. இந்நோயில் வளர்ச்சி குறைவு, அதனால் எல்லாமே இன்னும் நெருங்கலாம். ஆனால் தொடையில் இடைவெளி அதிகமாகவும் டிபியாவில் குறைவாகவும் இருக்கும். பழைய கோடுகள் மங்கி மறையும் என்பதால் தவணையைவிடக் கோடு குறைந்தால் கவலையில்லை. கூடினால் நோய்க்காலத்தில் விழும் ஹாரிஸ் கோடுகளையும் யோசியுங்கள்.

கேட்டவர்:
தொடையில் எல்லா இடைவெளியும் 2.5 மி.மீ., ஒன்று மட்டும் 5.

பதில் (குழந்தைகள் எலும்பியல்):
ஒரு தவணை விட்டுப்போயிருக்கிறது. டிரிப் ஏட்டோடு ஒப்பிடுங்கள். மருந்து நின்ற காலத்தில் வளரும் எலும்பு அடர்த்தி குறைந்தது. அடர்ந்த பகுதியோடு அது சேரும் இடத்தில் முறிவு வரலாம், குறிப்பாக முன்கை எலும்பான ரேடியஸின் கீழ்முனையில். அடுத்த தவணைக்கு முன் கால்சியமும் வைட்டமின் டி-யும் பாருங்கள்.

எலும்பு முனை குறுகாமல் குடுவைபோல் அகன்றே நின்றால் அளவு மீறுகிறதா என்று கணக்கிடுங்கள். 4 மாத முறையில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 3 நாள், ஆண்டுக்குக் கிலோவுக்கு 9 மி.கி. 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அளவுக்கு மிஞ்சிப் பெற்ற 12 வயதுச் சிறுவனுக்கு ஆஸ்டியோபெட்ரோசிஸே (எலும்பு அளவுக்கு மீறி அடர்ந்துபோகும் நோய்) வந்திருந்தது.