பிஎம்டபிள்யூ விற்கிறேன்: ராப், ரிம் எல்லாம் கழற்றிவிட்டு விற்பதா, இப்படியே விற்பதா?

செங்காங்வாசி
வணக்கம். காடி 2018 கடைசியில் பதிவானது, பிஎம்டபிள்யூ 520i, ஜி30 மாடல். சிஓஇ (சிங்கப்பூரில் காடி வைத்திருக்க வாங்கும் உரிமம்) முடிய இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. வீட்டில் இன்னொரு பிள்ளை வரப்போகிறது, அதனால் ஏழு பேர் உட்காரும் காடிக்கு மாறுகிறோம்.

செய்திருப்பது எல்லாம் வெளி அலங்காரம்தான், இன்ஜினைத் தொடவில்லை, எக்ஸாஸ்டும் ஒரிஜினல். வெள்ளை பெயின்ட் மேல் மேட் சாம்பல் ராப், அதாவது ஒட்டும் நிறப் படலம் (நிறம் மாற்றியதை நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிந்திருக்கிறேன்), 20 அங்குல ரிம், கருப்பு கிரில், பின் டிக்கியில் எம்5 (அதே வரிசையின் பந்தய ரக மாடல்) எழுத்து, கூரைத் துணியில் நட்சத்திர விளக்கு, பின் கண்ணாடிகளுக்குக் கருப்பு டின்ட். பழைய 18 அங்குல ரிம் நாலும் டயரோடு வீட்டு பாம் ஷெல்டர் அறையில் அரிசி மூட்டைக்கும் கொலுப்படிக்கும் நடுவில் கிடக்கின்றன, மனைவி எந்தப் பேச்சை எடுத்தாலும் அதில்தான் வந்து முடிக்கிறாள்.

ஒரு டீலரிடம் காட்டினேன். சுற்றி வந்தார், கதவு ஓரத்தில் ராப்பை நகத்தால் நெம்பிப் பார்த்தார், பேப்பர் வேல்யூவுக்கு (பதிவை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை) மேல் சில்லறை மாதிரி ஒரு தொகை சொன்னார். நேரடி விளம்பரத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள், படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். செலவு பண்ணி எல்லாவற்றையும் மாற்றினால் விலை ஏறுமா?

புக்கிட்_பாத்தோக்_அண்ணன்
தம்பி, யாருக்கு விற்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். ஏற்றுமதிக்கோ ஸ்கிராப்புக்கோ எடுக்கும் டீலர் என்றால் காடி பச்சையா மஞ்சளா என்று அவருக்குக் கவலை இல்லை, PARF கழிவும் (பத்து வயதுக்குள் பதிவை ரத்து செய்தால் திரும்ப வரும் வரி) மிச்ச சிஓஇயும் சேர்த்து எவ்வளவு என்றுதான் கணக்குப் போடுவார். உங்கள் காடிக்கு எட்டு வயது முடிவதற்குள் பதிவை ரத்து செய்தால் கட்டிய ஏஆர்எஃபில் (காடியைப் பதியும்போது கட்டும் கூடுதல் கட்டணம்) 60 விழுக்காடு திரும்ப வரும், எட்டைத் தாண்டினால் 55, ஒன்பதைத் தாண்டினால் 50, பத்தைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. 2018 கடைசி என்றால் எட்டாவது பிறந்தநாள் பக்கத்தில்தான் இருக்கிறது, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குதான் உங்களுக்குக் கீழ்விலை. ராப்பும் ரிம்மும் அதற்கு மேலே கிடைக்கிற தொகையைத்தான் கூட்டும் குறைக்கும், அதுவும் ஓட்டுவதற்கென்று வாங்குகிற ஆளிடம் மட்டும்.

காக்கிபுக்கிட்_ராப்_பட்டறை
இந்த வேலையில்தான் இருக்கிறேன், அதனால் ராப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிறம் பிடிக்காததால் ஆள் ஓடவில்லை, அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாததால்தான் ஓடுகிறார்கள். வாங்க வருகிறவர் பெயின்ட்டின் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்ப்பார். கம்பெனி பெயின்ட் சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் காட்டும், பட்டி போட்டு அடித்த இடம் பல நூறைத் தாண்டும். ராப் ஒட்டினால் அந்தப் படலமே 100 மைக்ரானை ஒட்டி வந்துவிடும், ஆக எந்த அளவையும் நம்ப முடியாது. இடித்த காடியை மூடியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். உங்கள் டீலர் நகத்தால் நெம்பியதும் இதற்குத்தான்.

எடுத்துவிடுங்கள், ஆனால் யூடியூப் பார்த்து வீட்டில் எடுக்காதீர்கள். சிங்கப்பூர் வெயிலில் நாலைந்து வருஷம் நின்ற படலம் காய்ந்து துண்டு துண்டாகத்தான் வரும், பசை பெயின்ட்டிலேயே தங்கிவிடும். சூடு காட்டி, தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுக்க வேண்டும். இன்னொன்று, எந்தப் பாகமாவது முன்பு வெளியில் பெயின்ட் அடித்திருந்தால் அந்த இடத்தில் கிளியர் கோட் (பெயின்ட்டின் மேல் பளபளப்புப் பூச்சு) ராப்போடு சேர்ந்து உரிந்து வரும். பட்டறைக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள், மறைத்தால் நஷ்டம் உங்களுக்கு.

தெம்பனிஸ்_அக்கா
போன வருஷம் நானே பழைய ஜி30 தேடி அலைந்தேன், வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்த எம்5 எழுத்தை இன்றைக்கே எடுங்கள். 520i டிக்கியில் எம்5 பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடுத்து இந்த ஆள் காடியை எப்படி ஓட்டியிருப்பான் என்ற கேள்வி வந்தது. ஹேர் டிரையரில் சூடாக்கி, பல் இடுக்கு சுத்தம் பண்ணும் நூலைப் பின்னால் விட்டு அறுத்தால் வந்துவிடும். ராப்புக்கு மேல் ஒட்டியது என்றால் இன்னும் சுலபம், அதோடு சேர்ந்தே போய்விடும்.

ரிம்_பிரியன்
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் ப்ரோ. மேட் சாம்பல், 20 அங்குலம், இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பொறுத்திருந்து விற்கலாம்.

புக்கிட்_பாத்தோக்_அண்ணன்
இருக்கிறார்கள்தான், அவர்களில் பாதிப் பேருக்கு லோன் கிடைக்காது. மிச்ச சிஓஇ காலத்துக்குள் கடனைக் கட்டி முடிக்க வேண்டும், இரண்டு வருஷத்தில் என்றால் மாதத் தவணை எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். கையில் பணம் வைத்து இந்த வயசுக் காடி வாங்குகிறவர் பெரும்பாலும் குடும்பஸ்தர், அவர் கேட்பது சர்வீஸ் புத்தகமும் வெள்ளைப் பெயின்ட்டும்தான்.

செங்காங்வாசி
நன்றி. எழுத்து போகிறது, ராப் போகிறது. ரிம்மும் நட்சத்திரமும்தான் குழப்பம்.

காக்கிபுக்கிட்_ராப்_பட்டறை
பழைய ரிம்மைத் திரும்ப மாட்டுங்கள், 20 அங்குலத்தைத் தனியாக விற்றுவிடுங்கள். ஜி30க்கு போல்ட் அளவு 5x112, மெர்சிடிஸ், ஆவ்டி ஆட்களும் அதே அளவைத்தான் தேடுகிறார்கள், அதனால் வாங்க ஆள் கிடைப்பார். காடியோடு சேர்த்துக் கொடுத்தால் அதற்கென்று ஒரு வெள்ளிகூட யாரும் தனியாக எண்ணித் தர மாட்டார்கள். ஆனால் பாம் ஷெல்டரில் கிடக்கிற டயரை நம்பாதீர்கள். பக்கச்சுவரில் DOT என்பதன் கடைசியில் நாலு எண் இருக்கும், 3219 என்றால் 2019இன் 32ஆம் வாரம் செய்தது. அவ்வளவு பழையது என்றால் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள்.

நட்சத்திரத்தைத் தொடாதீர்கள். கூரைத் துணி முழுக்க ஊசி ஓட்டை, விளக்கை எடுத்தால் ஓட்டைதான் மிஞ்சும், துணியையே மாற்றினால் அந்தச் செலவு திரும்ப வராது. ஒயர் எந்த ஃபியூஸிலிருந்து வருகிறது என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியை உறிஞ்சுமா என்று கட்டாயம் கேட்பார்கள். கிரில் கருப்பாகவே இருக்கட்டும், அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை.

தெம்பனிஸ்_அக்கா
டின்ட்டை அளந்து பாருங்கள். முன் கண்ணாடியும் முன்கதவுக் கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும், பின்னால் 25. கருப்பு என்று நீங்களே சொல்கிறீர்கள். நான் வாங்குவதற்கு முன் காடியைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன், இப்போது நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே டின்ட்டில் மாட்டினால் அதை வைத்தே விலையைக் குறைப்பார்கள்.

செங்காங்வாசி
டின்ட் போட்ட கடையின் சான்றிதழ் இருக்கிறது, பின்பக்கம் 30 என்று போட்டிருக்கிறது. சனிக்கிழமை ராப் எடுக்க நேரம் வாங்கியிருக்கிறேன். முன் பம்பர் ஒருமுறை வெளியில் அடித்தது, அதைச் சொல்லிவிட்டேன், அந்த இடத்துக்குப் பொறுப்பேற்க முடியாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

புக்கிட்_பாத்தோக்_அண்ணன்
நியாயம்தான். ராப் எடுத்ததும் நிறத்தைத் திரும்ப வெள்ளை என்று ஆணையத்தில் பதியுங்கள், காப்புறுதிக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றும் நாளில் பதிவில் சாம்பல், எதிரே வெள்ளைக் காடி என்று நின்றால் வாங்க வந்தவர் பயந்துவிடுவார். அப்புறம் விளம்பரத்தில் பழைய படங்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், பம்பர் அடித்ததையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.