பெல் அடித்தால் விளக்கு மின்னுகிறதே, அதற்கு மேல் நாய் என்ன செய்யும்?

கதவோரம்:
பிறவியிலேயே காது கேளாதவர், தனியாக வசிக்கிறார், வயது நாற்பது. காலிங் பெல் அடித்தால் விளக்கு மின்னும். காலையில் எழுப்பத் தலையணைக்கு அடியில் அதிர்வுத் தட்டு இருக்கிறது. புகை அலாரமும் அதோடு இணைத்தாயிற்று. இதற்கு மேல், சத்தம் வந்தால் தெரிவிக்கப் பயிற்சி பெற்ற நாயால் என்ன லாபம்? நாய் செய்தியை எப்படிச் சொல்கிறது? வளர்ப்பு நாயையே பழக்கிவிட முடியுமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நாலுகால்:
விளக்கு தெரிய வேண்டுமானால் அது இருக்கும் பக்கம் கண் போக வேண்டும். தட்டு தெரிய வேண்டுமானால் அதன் மேல் படுத்திருக்க வேண்டும். குளியலறையிலோ தோட்டத்திலோ இருக்கும்போது இரண்டும் உதவாது. நாய் கூடவே நடமாடும், வித்தியாசம் அங்கேதான்.

சத்தம் கேட்டதும் அது குரைக்காது. குரைத்து யாருக்குக் கேட்கப்போகிறது? மூக்காலோ முன்னங்காலாலோ ஆளைத் தொடும். அவர் கையை விரித்து "என்ன?" என்று சைகை செய்தால், சத்தம் வந்த இடத்துக்கு முன்னால் நடந்து கூட்டிப்போகும். கதவு, அடுப்பு டைமர், தொட்டில் குழந்தையின் அழுகை எல்லாம் இந்த முறைதான். புகை அலாரத்துக்கு மட்டும் வேறு. தொட்டுவிட்டுத் தரையோடு படுத்துவிடப் பல பயிற்சி மையங்களில் பழக்குவார்கள். அங்கேயும் "வா, காட்டுகிறேன்" என்று கிளம்பினால் ஆளை நெருப்புக்கே அழைத்துப் போய்விடும் அல்லவா?

வீட்டில் வேறு ஆள் இருந்தால் இன்னொரு வசதி உண்டு. "போய்க் கூப்பிடு" என்று நாயை அனுப்பலாம். பின்னால் வந்து தோளைத் தட்டித் தூக்கிவாரிப் போட வைக்க வேண்டியதில்லை.

காது கேளாமை வெளியில் தெரியாத குறை. முதுகுக்குப் பின்னால் பேசிவிட்டு, பதில் வராவிட்டால் திமிர் என்று நினைப்பவர்கள் உண்டு. நாயின் மேலங்கியைப் பார்த்ததும் முகத்துக்கு நேரே வந்து பேசுவார்கள். பிரிட்டனில் 1982 முதல் இந்த நாய்களைப் பழக்கிக் கொடுக்கும் அமைப்பு இதற்காகவே அரக்குச் சிவப்பு மேலங்கி மாட்டி அனுப்புகிறது.

மணிக்கூண்டு:
வளர்ப்பு நாயைப் பழக்கலாம். எல்லா நாயும் தேறாது. புதுச் சத்தத்துக்குக் காதை விறைத்து, என்னவென்று பார்க்கப் போகும் நாய் வேண்டும். வாலை ஒடுக்கி ஒளிவதும் ஆகாது, பெல் அடித்தால் காவல் காக்கக் கதவில் பாய்வதும் ஆகாது. காது கேட்கும் உதவியாள் ஒருவரும் அவசியம், பெல்லை அடிக்க.

முதலில் சத்தமே வேண்டாம். தொடுவதை மட்டும் பழக்குங்கள். தீனியை உள்ளங்கையில் மூடி முழங்கால் உயரத்தில் நீட்டுங்கள். மூக்கு பட்டதும் கையைத் திறங்கள். பத்துக்குப் பத்து முறை வந்த பிறகு கையை எடுத்துவிட்டுத் தொடையைத் தொட வையுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. அதற்கு மேல் இழுத்தால் சலித்துவிடும்.

அடுத்தது பெல். உதவியாள் இரண்டடி தள்ளி அடிக்கட்டும். நாயின் காது திரும்பிய அந்த நொடியில் "தொடு" சைகை. தொட்டதும் தீனி. சில நாளில் சைகைக்கு முன்பே ஓடிவரும். அப்போது "என்ன?" சைகை காட்டி, இருவரும் சேர்ந்து பெல்லுக்கு ஓடி, அங்கேயும் தீனி கொடுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். தீனி இரண்டு இடத்திலும் கிடைக்க வேண்டும். ஆளிடம் மட்டும் கொடுத்தால் தொட்டுவிட்டு நின்றுகொள்ளும். பெல்லிடம் மட்டும் கொடுத்தால் ஆளை விட்டுவிட்டு நேரே கதவுக்கு ஓடிப்போய் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பிறகு தூரம், அடுத்த அறை, ஆள் கண்மூடிப் படுத்திருப்பது, நாயே தூங்குவது என்று ஒவ்வொன்றாகக் கடினமாக்குங்கள், இரண்டைச் சேர்த்து மாற்றாதீர்கள். ஒரு சத்தம் முழுதாகப் பதிந்த பிறகே அடுத்தது. உதவி நாய்ப் பயிற்சி மையங்களின் உலகக் கூட்டமைப்பான அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல் தர விதிப்படி குறைந்தது மூன்று சத்தங்களுக்குத் தேற வேண்டும்.

புகை அலாரம் கடைசியில். ஒலிப்பதிவை மிகக் குறைவாக வைத்து ஆரம்பியுங்கள். எடுத்த எடுப்பில் நிஜ அலாரத்தை அலறவிட்டால், அந்த அறைக்குள் காலெடுத்து வைக்காத நாய்தான் மிஞ்சும்.

தளிர்:
மணிக்கூண்டு சொன்னது பாதி வேலை. மீதி, நாய் வேலைக்கு வந்த பிறகு. அது ஒரு பெல்லைத் தவறவிட்டால் காது கேளாதவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் மின்னும் விளக்கைக் கழற்றாதீர்கள். விளக்கு மின்னியும் நாய் வரவில்லையென்றால், உதவியாளை வைத்து அன்றே மறுபயிற்சி.

பொய்த் தட்டல் இன்னொரு தலைவலி. பசித்தாலும் வந்து தட்டும். உடனே தீனி போட்டால் பொய் சொல்லப் படித்துக்கொள்ளும். கதவையோ டைமரையோ கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே தீனி. தொலைக்காட்சியில் அடித்த மணிக்குத் தட்டினால் திட்டாதீர்கள், அதன் கணக்கில் அது சரி. "முடிந்தது" சைகை போதும்.

பெல்லை மாற்றினால் நாய்க்கு அது புதுச் சத்தம். அதே மாடலில் இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாரத்துக்கு ஒருநாளாவது எதிர்பாராத நேரத்தில் டைமர் வைத்துச் சோதியுங்கள்.

ஒன்று பலருக்குத் தோன்றாது. நாய் திடீரென்று ஓர் அறையை ஒதுக்கினால், மூலையில் நடுங்கினால், புகை அலாரத்தின் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி தீரும்போது விட்டுவிட்டு வரும் "கீச்" ஆளுக்குக் கேட்காது, நாயைப் பாடாய்ப் படுத்தும்.

கதவோரம்:
நன்றி. தெருவில் பின்னால் வரும் வண்டியையும் சொல்லுமா? வயதானால் நாய்க்கே காது மந்தமாகாதா?

தளிர்:
வண்டிச் சத்தத்துக்குப் பொதுவாகப் பழக்குவதில்லை. தெருவில் ஓயாமல் சத்தம், எதற்கென்று தட்டும்? நாய் தலையைத் திருப்பினால் நாமும் திரும்பிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதை நம்பிச் சாலையைக் கடக்கக் கூடாது.

காது மந்தமாகும். பத்து வயதை ஒட்டிப் பெரும்பாலும் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். பக்கத்தில் அடித்தால் வருகிறது, அடுத்த அறையில் அடித்தால் வரவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள். சில சமயம் வெறும் காதுச் சீழாக இருக்கும்.

நாலுகால்:
அந்த அதிர்வுத் தட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நாய்க்கு உடம்பு சரியில்லாமல் ஓரிரவு மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், அன்று எழுப்ப அதுதான் இருக்கிறது.