திருப்புவனம்: ஆற்றோடு திரும்பிவிடாதீர்கள்

மதுரைப் பக்கம் திருப்புவனம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது சாவுக் காரியம்தான். வீட்டில் ஒருவர் போய்விட்டால், அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைப்பதா திருப்புவனத்தில் கரைப்பதா என்று பேச்சு வரும். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், காலையில் போனால் மதியத்துக்குள் வீடு வந்துவிடலாம். அதனால் பலரும் திருப்புவனத்துக்கே சரி என்பார்கள். காசியிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோன அஸ்தி வழியில் இங்கே பூவாக மாறியது என்கிறது தலபுராணம். காசியைவிட வீசம் புண்ணியம் கூட என்று ஊர்ப்பக்கம் சொல்வதும் இதை வைத்துத்தான்.

அப்பாவுக்கும் அங்கேதான் கரைத்தோம். தீட்டு என்பதால் ஆற்றங்கரையில் இருக்கும் சிவன் கோயிலுக்குள் போகவில்லை. இந்த ஊருக்கு வருகிற முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான் ஆகிறது. காரியத்துக்கு வருவார்கள், கோபுரத்தை வெளியிலிருந்து பார்ப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். பிறகு அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே துக்கம்தான் நினைவுக்கு வரும், திரும்பிப் போகவே தோன்றாது.

தலைத்திவசம் முடிந்த பிறகு, தை அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சித்தப்பாவோடு போயிருந்தேன். வைகையில் கணுக்கால் அளவுக்குத்தான் ஓட்டம். முடித்துவிட்டு வரும்போது கோயில் வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்து, “வருசம் திரும்பிருச்சா தம்பி?” என்று கேட்டார். ஈர வேட்டியைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார் போல. ஆமாம் என்றேன். “அப்புறம் என்ன? உள்ள போங்க. அவரு கன்னத்தைப் பார்க்காமப் போயிராதீங்க” என்றார்.

கன்னமா என்று சித்தப்பா கேட்டதுதான் தாமதம், பூக்கட்டுவதை நிறுத்தாமலே முழுக் கதையையும் சொல்லிவிட்டார். பொன்னனையாள் இந்தக் கோயிலில் ஆடியவள். வந்த சிவனடியார்களுக்கெல்லாம் சோறு போட்டே கையிருப்பைக் கரைத்தவள். சுவாமிக்குத் தங்கத்தில் உற்சவர் செய்ய ஆசைப்பட்டாள், பொன்னுக்கு வழியில்லை. சித்தராக வந்த சொக்கநாதர் அவள் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, திருநீற்றைத் தூவி, ராத்திரி நெருப்பில் போடு என்றார். பித்தளையும் ஈயமும் பொன்னானது. திருவிளையாடல் புராணத்தில் இரசவாதம் செய்த படலம் இதுதான். உற்சவர் தயாரானதும் அழகு தாங்காமல் கன்னத்தைக் கிள்ளிவிட்டாளாம். “பிள்ளையக் கிள்ளுற மாதிரிதான்” என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார் பூக்கார அம்மா.

உள்ளே நந்தி நேராக இல்லை, கொஞ்சம் விலகி இருக்கிறது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் வடகரைக்கு வந்தபோது ஆற்று மணலெல்லாம் லிங்கமாகத் தெரிந்ததாம். மிதிக்க மனம் வராமல் அக்கரையிலேயே நின்று கும்பிட்டார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று சிவன் நந்தியை விலகச் சொன்னார். அந்த மணலில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்த கையோடு இதைக் கேட்டபோது எனக்கு மேல் சிலிர்த்தது.

நந்திக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அப்பர் பாடிய ‘வடிவேறு திரிசூலம்’ பதிகத்தைப் பாடிக்கொண்டிருந்தார். ராகமெல்லாம் பெரிதாக இல்லை, ஆனால் ஒரு சொல் தடுமாறவில்லை. முடித்ததும் பேச்சுக் கொடுத்தோம். “சூலம் தெரியுது, பிறை தெரியுதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே போறாரு பாருங்க. தூரத்துல நின்னு எட்டிப் பார்க்கிறவரு பாட்டு இது” என்றார். அவருடைய விளக்கம்தான், ஆனால் அந்த இடத்தில் நின்று கேட்டால் வேறு மாதிரி நினைக்கவே முடியாது. மூவரோடு கருவூர்த்தேவரும் திருவிசைப்பாவில் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார் என்றும் அவர்தான் சொன்னார்.

குருக்கள் உற்சவரின் முகத்தருகே தீபத்தை உயர்த்திக் காட்டினார். கன்னத்தில் சின்னதாக ஒரு தடம். சித்தப்பா கைகூப்பியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் போன பிறகு அவர் முகத்தில் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாலம் தாண்டினால் மடப்புரம் காளி, மதுரைக்குத் திரும்பும் வழியில் கீழடி அருங்காட்சியகம். ஒரே நாளில் எல்லாம் முடியும். ஆனால் கோயிலை அவசரமாகப் பார்க்க வேண்டாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் ஆற்று வேலையை விடிகாலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். கட்டியிருந்த துணியை ஆற்றில் விடும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மூவரும் கால் வைக்கத் தயங்கிய மணலில் இன்று வேட்டியும் சேலையும் பாலித்தீன் பையும் சுருண்டு கிடக்கின்றன. பார்க்கவே வயிறு எரிகிறது. நாங்கள் ஒரு பை கொண்டுபோய் எல்லாவற்றையும் அதில் போட்டு வீட்டுக்கே எடுத்து வந்தோம். தர்ப்பணம் செய்துவைத்த ஐயரும் அதில் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொன்னார்.