பழைய ஸ்டார் டிரெக்கா, 2009 படமா? வல்கன் அழிந்தபோது யார் அழுதார்கள்?

செந்தூல்வாசி

நேற்று வேறொரு திரியில் பட்டர்வொர்த் மகன் எழுதியிருந்தார்: "பழைய ஸ்டார் டிரெக் வெறும் அட்டை செட்டு, பெயின்ட் அடிச்ச பாறை. ஜே.ஜே. ஏப்ரம்ஸ் எடுத்த 2009 படம்தான் அதுக்கு உயிர் குடுத்துச்சு." அங்கே பதில் போட்டால் திரி திசைமாறிவிடும் என்பதால் தனியாகத் திறக்கிறேன்.

செட்டு அட்டைதான், மறுக்கவில்லை. 1966 செப்டம்பரில் தொடங்கி 1969இல் நிறுத்தப்பட்ட, என்டர்பிரைஸ் என்ற விண்கப்பலைப் பற்றிய அமெரிக்க டிவி தொடர். மூன்று பருவம், 79 பகுதி. வாராவாரம் கப்பலைத் தரையிறக்கிப் படம்பிடிக்கக் காசு பத்தாமல்தான், ஆளை இங்கே மறையவைத்து அங்கே தோன்றவைக்கும் யோசனையே பிறந்தது. ஆனால் அந்த அட்டைக்கு முன்னால் நின்று என்ன பேசினார்கள் என்று தம்பி பார்த்தாரா?

1967இல் வந்த ஒரு பகுதியைச் சொல்கிறேன். ஒரு சுரங்கக் கிரகம். பாறைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வந்து தொழிலாளிகளைக் கொல்கிறது. கப்பலின் கேப்டன் கர்க்கும் துணை அதிகாரி ஸ்பாக்கும் ஆயுதத்தோடு இறங்குகிறார்கள். கடைசியில் பார்த்தால் அது ஒரு தாய். வேண்டாத கல் என்று சுரங்கக்காரர்கள் உடைத்துப் போட்ட உருண்டைகள் அத்தனையும் அதன் முட்டைகள். ஸ்பாக் அதன் மனதோடு தன் மனதை இணைத்து அதன் வலியைத் தன் வாயால் கத்துவார். டாக்டர் மெக்காய் கான்கிரீட்டைக் குழைத்து அதன் காயத்தில் பூசுவார். பழிவாங்கத் தடியோடு ஓடிவரும் கூட்டத்தைக் கர்க் தடுத்து நிறுத்துவார். ஈயச் சுரங்கத்தில் பிறந்த கோலாலம்பூரில் இருந்துகொண்டு அதைப் பார்க்கிறவனுக்கு, தோண்டுகிறவன் யார், தோண்டப்படும் மண் யாருடையது என்ற கேள்வி வராமல் போகுமா?

2009 படத்துக்கு வாருங்கள். ஸ்பாக்கின் சொந்தக் கிரகமான வல்கன் முழுதாகக் கருந்துளைக்குள் போகிறது. 600 கோடி உயிர். மிஞ்சியவர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்று ஸ்பாக்கே கணக்குச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் இன்ஜினியர் ஸ்காட்டி தண்ணீர்க் குழாய்க்குள் மாட்டிக்கொண்டு உருண்டு ஓட, நாம் சிரிக்க வேண்டுமாம். ஒரு இனமே போயிருக்கிறது ஐயா! படம் அதற்காக நிற்கவே இல்லை.

பட்டர்வொர்த் மகன்

அண்ணே, நிக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க? ஸ்பாக்கோட அம்மா அமாண்டா விழுற இடத்தைப் பாருங்க. பாறை சரியுது, அந்த நொடியில எல்லாரும் கப்பல்ல தோன்றுறாங்க, ஸ்பாக் கை மட்டும் நீட்டினபடியே நிக்குது. எதிர்ல ஆள் இல்ல. அந்தக் கையை அவர் உடனே இறக்கவே மாட்டார்.

அப்புறம் லிஃப்ட் காட்சி. கப்பலோட தொடர்பு அதிகாரி ஊஹுரா லிஃப்டை நிறுத்திட்டு, உனக்கு என்ன வேணும், சொல்லுன்னு கேப்பா. எல்லாரும் தொடர்ந்து நல்லா வேலை செய்யணும், அதுதான் வேணும்னு ஸ்பாக் சொல்வார். எங்க அப்பாயி செத்தன்னைக்கு எங்கப்பா வந்தவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்தாரு. ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. அவர் அழலைன்னு யாராவது சொல்ல முடியுமா? ஸ்பாக்கும் அப்படித்தான்.

நான் அதைப் பார்த்தது கோலாலம்பூர் மிட் வேலி தியேட்டர்ல. காலேஜ் கூட்டாளிங்க ஆறேழு பேர், கீழே மலாய், சீன எழுத்து ஓடுது. எங்கள்ல ஒருத்தன்கூடப் பழைய தொடரைப் பார்த்ததில்ல. முதல் பத்து நிமிஷத்துலயே எங்களை இழுத்துப் போட்டுச்சு. கெல்வின் கப்பல்ல கர்க்கோட அப்பா வெறும் 12 நிமிஷம்தான் கேப்டன். 800 பேரைக் காப்பாத்துறாரு. பொண்டாட்டிக்கு அங்க பிரசவம், இங்க இவர் ரேடியோவுல குழந்தைக்குப் பேர் சொல்லிக்கிட்டே மோதுறாரு. அதே சண்டையில கப்பல் சுவர் பிய்ஞ்சு ஒரு ஆளை வெளியே உறிஞ்சும்போது சத்தம் மொத்தமா அணைஞ்சு போகும். விண்வெளியில சத்தம் கிடையாதுன்னு அவ்வளவு பெரிய படம் எங்களுக்குக் காதால புரியவெச்சது. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் எங்க வரிசையில ஒருத்தனும் போனை எடுக்கல.

ஆயர் ஈத்தாம்காரன்

பினாங்கில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற தொழில் எனக்கு. படம் எப்படி அமைந்திருக்கிறது என்று மட்டும் பேசுகிறேன்.

திரை முழுக்க வெளிச்சக் கீற்று அடிக்கிறதே, அது கணினியில் ஒட்டியது இல்லை, படப்பிடிப்பிலேயே டார்ச் விளக்கை லென்ஸுக்கு நேராகப் பிடித்து அடித்தது. இன்ஜின் அறை என்று காட்டுவது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு பீர் ஆலை. குழாயும் தொட்டியுமாக அதைப் பார்த்தால் கப்பல் என்ற நம்பிக்கையே எனக்கு வரவில்லை. இதெல்லாம் சின்ன விஷயம். விட்டுவிடலாம்.

பெரிய விஷயம் மெக்காய். பழைய தொடரில் ஒரு முடிவு எடுக்கும்போது ஃப்ரேமைக் கவனியுங்கள். நடுவில் கர்க், ஒரு பக்கம் கணக்குப் பேசும் ஸ்பாக், மறுபக்கம் மனசாட்சி பேசும் மெக்காய். ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் இழுப்பார்கள், கர்க் நடுவில் நின்று தேர்ந்தெடுப்பார். தொடரின் விவாதம் முழுக்க அந்த மூன்று முகத்தில்தான் நடந்தது. 2009இல் கார்ல் அர்பன் அந்த டாக்டரை அச்சு அசலாகக் கொண்டுவந்தார், அவரைவிட நன்றாக அந்தப் படத்தில் யாரும் நடிக்கவில்லை என்பேன். ஆனால் கர்க்கைக் கள்ளத்தனமாகக் கப்பலில் ஏற்றிவிட்டு ஊசி போடுவதோடு அவர் வேலை ஏறக்குறைய முடிந்தது. மூன்று பேர் வாதம் ரெண்டு பேர் சண்டையாகச் சுருங்கிப்போனது. செந்தூல்வாசி அண்ணனுக்கு ஏதோ குறைகிறதே என்று படுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாணி

பழையதைப் பேசும்போது அதன் கறையையும் பேசுவோம். தொடரின் கடைசிப் பகுதி 1969 ஜூனில் வந்தது. கப்பல் தலைவர்களின் உலகத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்று ஒரு பெண் பாத்திரமே அதில் சொல்வாள். அவளைத்தான் பைத்தியக்காரி ஆக்கி முடித்தார்கள். ஊஹுராவாக வந்த நிச்செல் நிக்கோல்ஸ் முதல் பருவத்தோடு விலக நினைத்தார். மார்ட்டின் லூதர் கிங் நேரில் கேட்டுக்கொண்டதால்தான் தங்கினார். அப்படித் தங்கியவருக்கு எழுதிக் கொடுத்தது பெரும்பாலும் "அழைப்பு வருகிறது, கேப்டன்" என்ற வசனம். 2009இல் ஊஹுராதான் கிளிங்கன் என்ற வேற்றினத்தாரின் செய்தியைப் பிடித்து மொழிபெயர்த்தவள். அந்தத் தகவல் இல்லாவிட்டால் கப்பல் பொறிக்குள் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கும். என் மாணவிகளுக்கு எந்த ஊஹுராவைக் காட்டுவது என்றால் புது ஊஹுராவைத்தான் காட்டுவேன்.

நம் முகத்துக்கு வருகிறேன். 2009 படத்தில் முதலில் நாம் பார்க்கும் கேப்டன் ராபாவ். நடித்தவர் பாகிஸ்தானிய வம்சாவளி ஃபாரான் தாஹிர். கறுத்த மனிதர், எதிரிக் கப்பலுக்குத் தனி ஆளாக நடந்து போகிறார். தியேட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரைப் போன வேகத்தில் குத்திக் கொன்றார்கள். அதற்கு 23 வருடம் முன்னாலேயே, 1986 படத்தில், சென்னை டென்னிஸ்காரர் விஜய் அமிர்தராஜ் ஒரு கப்பலின் கேப்டனாக வந்து போனார். கொஞ்ச நேரம்தான் என்றாலும் உயிரோடு போனார்.

2013இல் வந்த இரண்டாம் படத்தை என்னால் மன்னிக்கவே முடியாது. அதில் வில்லன் கான் நூனியன் சிங். பழைய தொடரில் அவன் வந்த வேறொரு 1967 பகுதியில் அவனை வட இந்தியச் சீக்கியனாக இருக்கலாம் என்று ஒரு பாத்திரம் சொல்லும். அன்றைக்கே மெக்சிகோக்காரர் ரிக்கார்டோ மொண்டல்பானுக்குத்தான் கொடுத்தார்கள், அது அந்தக் காலத்துக் குற்றம். 46 வருடம் கழித்து, உலகம் முழுக்க இந்திய நடிகர்கள் இருக்கும்போது, வெள்ளைக்கார பெனடிக்ட் கம்பர்பேட்சுக்கு அதே பெயரை வைத்தார்கள். பெயர் சிங், முகம் லண்டன். மறுஆக்கம் செய்கிறவனுக்குப் பழைய தவற்றைத் திருத்த வாய்ப்புக் கிடைக்கிறது. அந்த வாய்ப்பைத் தூக்கி எறிந்தவர்களை எதற்குப் பாராட்ட வேண்டும்?

பட்டர்வொர்த் மகன்

வாணிக்கா, 2013 படத்தை நான் தூக்கிப் பிடிக்கல. செத்த கர்க்கைக் கானோட ரத்தத்தை ஏத்தி எழுப்பினதோட எனக்கும் வெறுத்துப் போச்சு. பேச்சு 2009 பத்தித்தான்.

ஒண்ணு யோசிங்க. 2002இல் வந்த படம் தோத்துப் போச்சு. 2005இல் டிவி தொடரையும் நிறுத்திட்டாங்க. கடை மூடியாச்சு. 2009 ஓடலைன்னா 2017இல் புதுத் தொடர் வந்திருக்குமா? ஈப்போ பொண்ணு மிஷெல் இயோ கேப்டன் நாற்காலியில உக்காந்து நம்ம ஊர் உச்சரிப்பிலயே உத்தரவு போட்டிருப்பாங்களா?

செந்தூல் அண்ணே, பழைய தொடர்ல ஸ்பாக்கா நடிச்ச லெனர்ட் நிமாயே 2009 படத்துல வயசான ஸ்பாக்கா வந்து நடிச்சுக் கொடுத்தாரு. அவருக்குத் தெரியாத ஸ்டார் டிரெக்கா நமக்குத் தெரியும்? பழைய தொடர்லயும் ஸ்பாக் மூளையை யாரோ திருடிட்டுப் போற பகுதி இருக்கு. அதையும் நல்ல விவாதம்னு சொல்வீங்களா?

செந்தூல்வாசி

அந்த மூளைப் பகுதி மட்டம், அதைக் காப்பாற்ற வரமாட்டேன். நிமாய் வந்த காட்சிகள் படத்தில் எனக்கும் பிடித்தவை. ஆனால் அவர் நடித்தார் என்பது கதைக்குச் சான்று ஆகாது.

ரெண்டிலும் எதிரி ரோமுலன் என்ற வேற்றுக்கிரக இனம் என்பதால் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்போம். 1966 டிசம்பரில் வந்த பகுதி. ரோமுலன்கள் திரையில் முதன்முதலாக முகம் காட்டுவது அதில்தான். பகுதி தொடங்குவதே கப்பலுக்குள் ஒரு கல்யாணத்தில். தாலி கட்டுகிற நேரத்தில் அபாய மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், சடங்கு நின்றுவிடும். ரோமுலன் முகம் திரையில் வந்ததும் அது ஸ்பாக் ஜாடையில் இருக்கிறது. உடனே ஓர் அதிகாரி ஸ்பாக்கை உளவாளி என்று சந்தேகிக்கிறான். இனவெறியை உன் அறையிலேயே வைத்துவிட்டு வா, இந்தத் தளத்தில் அதற்கு இடமில்லை என்கிறார் கர்க். இந்த நாட்டில் அந்த வசனத்தைக் கேட்டால் எங்கே தைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சண்டை முடிகிறது. ரோமுலன் கப்பல் நொறுங்கிக் கிடக்கிறது. உயிரோடு இருப்பவர்களை ஏற்றிக்கொள்கிறேன் என்கிறார் கர்க். வேறொரு உலகமாக இருந்திருந்தால் உன்னை நண்பன் என்றிருப்பேன் என்று சொல்லிவிட்டுத் தன் கப்பலைத் தானே வெடிக்கவைக்கிறான் அந்தத் தளபதி. பிறகு கர்க் நேராகப் போவது அந்தக் கல்யாணப் பெண்ணிடம். என்டர்பிரைஸில் இறந்தது ஒரே ஒருவன், அந்த மாப்பிள்ளை. அவளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பகுதி அங்கேதான் முடிகிறது.

ஒரு உயிருக்கு அவ்வளவு இடம் ஒதுக்கிய கதை அது. 600 கோடிக்கு ஒதுக்கிய இடம் ஒரு லிஃப்ட். அந்தப் பகுதியில் கர்க் உதவ முன்வந்ததோடு சரி. 2009இல் வல்கனை அழித்த ரோமுலன் நீரோ உதவியை மறுத்ததும், கருந்துளை ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் கப்பல் மேல் எல்லா ஆயுதத்தையும் ஏவச் சொல்கிறார். செத்துக்கொண்டிருப்பவனைச் சுடுவதற்குக் கர்க் எதற்கு?

மட்டுறுத்துநர்

நடுவில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். படத்தைத் திட்டுங்கள், பார்த்தவரைத் திட்டாதீர்கள்.

பட்டர்வொர்த் மகன்

அண்ணே, அந்தக் கடைசிக் காட்சியில ஒரு விஷயத்தைத் தாண்டிட்டீங்க. கர்க் உதவின்னு சொன்னதும் ஸ்பாக் ஓடிவந்து தடுப்பார். இரக்கம் காட்டினா ரோமுலஸோட சமாதானம் வரலாம், இது லாஜிக்தானே, உனக்குப் பிடிக்குமேன்னு கர்க் சொல்வார். ஸ்பாக் என்ன சொன்னார்? இல்ல, இந்தத் தடவை பிடிக்கலன்னார். வாழ்க்கை முழுக்க லாஜிக்கையே பிடிச்சுக்கிட்டு இருந்தவன் அம்மாவுக்காக அதைக் கைவிடுற இடம் அது. துக்கம் எங்கன்னு நீங்க தேடுறது அங்க இருக்கு.

அப்புறம் சுட்டதுக்கு. நீரோ சரணடையல. உன் உதவியை வாங்குறதுக்குப் பதிலா என் கிரகம் ஆயிரம் தடவை சாகுறதைப் பார்ப்பேன்ங்கிற மாதிரி கத்துறான். அந்தக் கப்பல் எதிர்காலத்துலேர்ந்து கருந்துளை வழியாத்தான் வந்துச்சு. இன்னொரு தடவை அதே வழியா இன்னொரு காலத்துக்குத் தப்பிச்சுப் போய் இன்னொரு வல்கனை அழிச்சா யார் பொறுப்பு? நான் கேப்டனா இருந்தா நானும் சுடுவேன்.

ஆயர் ஈத்தாம்காரன்

தம்பி, இந்தக் காரணம் நல்ல காரணம். ஆனால் அதைப் படத்தில் யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா? நீங்கள் சொல்கிறீர்கள். பழைய தொடர் என்றால் அந்த இடத்தில் மெக்காய் குறுக்கே வந்திருப்பார். சாகிறவனைச் சுடாதே ஜிம் என்பார். ஸ்பாக் நீங்கள் சொன்ன இதே காரணத்தைக் கணக்கோடு வைப்பார். கர்க் ஒரு நொடி தவித்து முடிவெடுப்பார். முடிவு சுடுவதாகவே இருக்கட்டும், நமக்கு அதன் எடை தெரிந்திருக்கும். அதற்கு ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷத்தைத்தான் வெட்டிப் போட்டார்கள்.

பட்டர்வொர்த் மகன்

ஒரு நிமிஷம் கூடியிருக்கலாம், சரி. அந்த ஒரு நிமிஷத்துக்காகப் படத்தையே உயிர் இல்லாததுன்னு சொல்ல நான் ஒத்துக்கமாட்டேன். சனிக்கிழமை அந்த 1966 பகுதியைப் பார்த்துட்டு இங்கயே எழுதுறேன். அண்ணே, நீங்களும் லிஃப்ட் காட்சியை இன்னொரு தடவை பாருங்க, இந்தத் தடவை ஸ்பாக்கா நடிச்ச குவின்டோவோட முகத்தை மட்டும்.