கணப்படுப்பில் புகை வீட்டுக்குள் திரும்புகிறது: புகைபோக்கியை உயர்த்தினால் சரியாகுமா?

கேள்வி:

வணக்கம். எங்கள் கூடத்தில் விறகு எரிக்கும் இரும்புக் கணப்படுப்பு ஒன்று உள்ளது. அதன் பின்புறத்தில் உள்ள 6 அங்குல வாயிலிருந்து புறப்படும் குழாய், ஒரு எல்போவில் (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) மேலே திரும்பி, இன்னொரு எல்போவில் சுவரைத் துளைத்து வெளியேறி, அங்கே ஒரு டீ (T வடிவ) இணைப்பிலிருந்து 8 அங்குலக் குழாயாகச் சுவரை ஒட்டி மேலே செல்கிறது. அடுப்பிலிருந்து உச்சி வரை சுமார் 4.5 மீட்டர் உயரம். வெளியே உள்ள குழாய் ஒற்றைத் தகடுதான். உறை எதுவும் போடவில்லை. குழாய் பெரிதாக இருந்தால் புகை தாராளமாகப் போகும் என்று அதை அமைத்தவர் சொன்னார்.

பற்றவைக்கும்போது புகை முழுவதும் கதவு வழியாகவே கூடத்துக்குள் வருகிறது. நன்றாகப் பிடித்த பிறகு நிலைமை பரவாயில்லை. ஆனால் விறகு போடக் கதவைத் திறந்தவுடன் மறுபடியும் புகை சூழ்ந்துகொள்கிறது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது இது இன்னும் மோசம். குழாயை மேலும் 1.5 மீட்டர் உயர்த்துவதா, அல்லது உச்சியில் மின்விசிறி பொருத்துவதா என்று முடிவு செய்ய வேண்டியுள்ளது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1:

உயர்த்துவதற்குச் செலவிடும் முன் குழாயைச் சூடாக வைத்திருப்பதற்குச் செலவிடுங்கள் என்பது என் கருத்து. புகைபோக்கியின் இழுவை என்பது, குழாய்க்குள் நிற்கும் சூடான காற்றுக்கும் வெளியே அதே உயரத்துக்கு நிற்கும் குளிர்ந்த காற்றுக்கும் இடையிலான எடை வேறுபாடே தவிர வேறில்லை. வெளியே 10 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். உங்கள் 4.5 மீட்டர் குழாயின் சராசரி வெப்பம் 200 டிகிரியாக இருந்தால் சுமார் 22 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இழுவை கிடைக்கும். 100 டிகிரிக்கு இறங்கினால் 13 பாஸ்கல். பற்றவைக்கும் நேரத்தில் 30 டிகிரிதான் என்றால் 4 பாஸ்கலுக்கும் குறைவு. வீட்டுக் கணப்படுப்புகள் பெரும்பாலும் 12 பாஸ்கல் அளவு இழுவையை எதிர்பார்த்தே வடிவமைக்கப்படுகின்றன. இந்தக் கணக்கில் எல்போக்களின் தடையை நான் இன்னும் கழிக்கவில்லை.

இப்போது உறையில்லாத அதே குழாயை 6 மீட்டராக உயர்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 1.5 மீட்டரும் குளிரில் நின்று வெப்பத்தை இழப்பதால் சராசரி வெப்பம் 100 டிகிரியிலிருந்து 80க்கு இறங்கினால், கிடைக்கும் இழுவை சுமார் 14.5 பாஸ்கல் மட்டுமே. அத்தனை செலவுக்கும் ஒன்றரை பாஸ்கல்தான் லாபம்.

அந்த 8 அங்குலக் குழாயும் உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. 6 அங்குலக் குழாயைவிட அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு, ஆகவே புகையின் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிறது. மெதுவாக ஏறும் புகை குழாய்ச் சுவரில் நீண்ட நேரம் உரசிக் குளிர்ந்து, சுமார் 120 டிகிரிக்குக் கீழே போனதும் தார் போன்ற கரிப்பிசினாகப் படிகிறது. அந்தப் படிவுதான் பின்னாளில் புகைபோக்கி தீப்பற்றுவதற்குக் காரணம். எனவே, வெளியே உள்ள பகுதியை எடுத்துவிட்டு, இரட்டைச் சுவருக்கு நடுவே ராக்வூல் (வெப்பம் கடத்தாத கல்பஞ்சு) அடைத்த 6 அங்குலத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயைப் பொருத்துங்கள். வாய்ப்பிருந்தால் இரண்டு 90 பாகை எல்போக்களுக்குப் பதிலாக 45 பாகை வளைவுகளை அமைத்து, சுவரைக் கடக்கும் பகுதி வெளிப்பக்கம் நோக்கிச் சற்றே ஏறும்படி செய்யுங்கள்.

மறுமொழி 2:

முந்தைய மறுமொழியில் உள்ள கணக்கோடு எனக்கு உடன்பாடுதான். ஆனாலும் குழாயைத் தொடுவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது, அடுப்புக்கு அருகில் காற்று வீசும் பக்கத்து ஜன்னலை நான்கு விரல் அகலம் திறந்துவையுங்கள். புகை உடனே அடங்கினால், வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைவதே குறையின் பெரும்பங்கு. ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடான காற்று எந்த வழியாவது உள்ளே வந்தாக வேண்டும். இறுக்கமாக அடைத்த வீட்டில் மிச்சமிருக்கும் மிகப் பெரிய துளை உங்கள் புகைபோக்கிதான். ஜன்னலைத் திறக்கும்போது மாடி ஜன்னலைத் திறந்துவிடாதீர்கள். சூடான காற்று மேலே வெளியேறி, கீழ்த்தளத்தில் அழுத்தம் இன்னும் குறைந்துவிடும். நிரந்தரத் தீர்வாக, வெளிக்காற்றை நேரே அடுப்பின் காற்றுத் துவாரத்துக்குக் கொண்டுவரும் தனிக் குழாய் அமைக்கலாம். உங்கள் அடுப்பில் அதற்கான இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

எது எப்படியானாலும், கூடத்திலும் படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைத்துவிடுங்கள். புகை கண்ணை எரித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தணல் அணையும் இரவு நேரத்தில் வரும் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ஜன்னலைத் திறந்துவைத்தபோது, விறகு போடும் நேரத்தில் வரும் புகை பெருமளவு குறைந்தது. ஆனால் காலையில் பற்றவைக்கும்போது வரும் புகையில் மாற்றம் ஒன்றும் இல்லை. எரியாத அடுப்பின் கதவைத் திறந்து ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். அதன் புகை என் பக்கமாகவே வளைந்து வந்தது. மின்விசிறி வைத்தால் இதுவும் தீராதா?

மறுமொழி 3:

ஊதுபத்தி காட்டியது, இரவெல்லாம் குளிர்ந்த குழாயில் நிற்கும் கனமான காற்று கீழ்நோக்கி இறங்குவதைத்தான். அந்தக் காற்றை முதலில் புரட்டிவிட வேண்டும். வெளியே உள்ள டீ இணைப்பின் அடியில் சுத்தம் செய்வதற்கான மூடி இருக்கும். அதைத் திறந்து, சுருட்டிய செய்தித்தாள் ஒன்றைக் கொளுத்தி உள்ளே வைத்து, உடனே மூடிவிடுங்கள். நிற்கும் குழாயின் அடிப்பகுதியிலேயே சூடு பிறப்பதால் இழுவை விரைவில் திரும்பும். அதன் பிறகு அடுப்பில் பெரிய கட்டைகளைக் கீழேயும் சிறு சுள்ளிகளை மேலேயும் அடுக்கி, மேலிருந்து பற்றவையுங்கள். சுவாலை முதல் நிமிடத்திலேயே குழாய் வாயைத் தொடும். கீழே பற்றவைக்கும்போது அதன் வெப்பத்தை மேலே உள்ள குளிர்ந்த விறகு விழுங்கிவிடுகிறது.

விறகையும் சோதியுங்கள். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, உட்புற முகத்தில் ஈரமானியின் ஊசிகளை அழுத்துங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால், உங்கள் வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதற்கே போகிறது. வெளிப்புறத்தில் மட்டும் அளந்து காய்ந்துவிட்டது என்று நம்புபவர்கள் நிறையப் பேர்.

மின்விசிறியை நான் கடைசியில்தான் வைப்பேன். எரிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், விசிறியின் இதழ்களே புகைக்குத் தடையாகும். குளிர்ந்த குழாயில் அவற்றின்மேல் கரிப்பிசினும் ஏறும். நிலத்தடி அறையில் அடுப்பு இருந்து, வேறு எந்த வழியும் பலிக்காத வீடுகளுக்கு அது பொருந்தலாம். உங்கள் வீடு அப்படித் தெரியவில்லை.

மறுமொழி 1 எழுதியவர்:

விசிறி பற்றிச் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். உயரம் குறித்து ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடியும் உச்சி உயர்ந்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. உங்கள் குழாய் சுவரை ஒட்டி ஏறுவதால், கூரையின் முகடு அதைவிட உயரமாக இருந்தால், காற்று முகட்டைத் தாண்டிச் சுழன்று குழாய்க்குள் இறங்கும். அந்த நிலையில் உயர்த்துவது அவசியம்தான். அதையும் உறையுள்ள குழாயிலேயே செய்யுங்கள். உச்சி மூடியில் கம்பிவலை இருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். ஈர விறகு எரித்த வீடுகளில் அந்தக் கண்கள் கரிப்பிசினால் பாதிக்கு மேல் அடைபட்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:

முகடு குழாயின் உச்சியைவிடச் சுமார் ஒரு அடி உயரம். ஆனால் கிடைமட்டத்தில் 15 அடி தள்ளியே இருக்கிறது. வலையில் விரல் நுழையாத அளவுக்குக் கரி படிந்திருந்தது, துடைத்துவிட்டேன். முதலில் உறையுள்ள 6 அங்குலக் குழாய்க்கு மாற்றிவிட்டு, உயர்த்துவதைப் பிறகு பார்க்கிறேன்.

மறுமொழி 3 எழுதியவர்:

அப்படியே செய்யுங்கள். புதிய குழாயை இணைக்கும்போது, மேல் துண்டின் குறுகிய முனை கீழ்த் துண்டுக்குள் இறங்கும்படி பொருத்தச் சொல்லுங்கள். தப்பித்தவறி ஊறும் கரிநீர் வெளியே வழியாமல் உள்ளேயே இறங்கிவிடும்.